குட்டியானையில் வந்த சைக்கிள்

தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன மடம். குரு சிவகாமி அம்மையாருக்கு நாற்பது வயது. சீடர் ஆவுடையப்பனுக்கு அறுபத்திரண்டு. ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டுமே!

ஒருநாள் காலை ஆவுடையப்பன் தன் பழைய சைக்கிளைக் ‘குட்டியானை’ மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். அவர் வீடு மூன்று தெரு தள்ளித்தான்.

“தாயே, நாளைக்குப் பாளையங்கோட்டையில சைக்கிள் கண்காட்சி. விண்டேஜுக்கு ஒரு வரிசை, கிளாசிக்குக்கு ஒரு வரிசை. என் வண்டி கிளாசிக் வரிசையில நின்னே ஆகணும். எட்டு வருஷம் இதுக்காக அலைஞ்சிருக்கேன். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு நடுவர் கேட்டா என்ன சொல்லட்டும்?”

“ஏன் ஓட்டிட்டு வரல?”

“ஐயையோ! டயர்கூட ஐம்பத்தாறாம் வருஷத்து டயர். ஏறி உக்காந்தா வெடிச்சிரும்.”

அந்நேரம் கீரைக்காரி பிச்சம்மாள் தன் சைக்கிளில் வந்து இறங்கினாள். அதே கம்பெனி, அதே வயசு வண்டி. ஆனால் டயர் புதுசு, செயின் புதுசு, சீட்டு வேறு எதிலோ கழற்றியது. ஆவுடையப்பன் அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“இப்படிப் பாழாக்கி வச்சிருக்கியேம்மா! எனக்குக் குடுத்துரு. பழையபடி ஆக்கி, கண்ணாடிக்குள்ள வச்சுக் காப்பாத்துதேன்.”

“நல்லா இருக்கே கதை! குடுத்துட்டு நான் எதுல கீரை கொண்டு போவேன்?”

இரண்டு கட்டு கீரையை வைத்துவிட்டு அவள் கிளம்பிவிட்டாள்.

அம்மையார் சீடரைப் பார்த்தார்.

“நாளைக்கு உங்க வண்டி காணாமப் போச்சுன்னா, உங்களுக்கு எந்த வேலை நிக்கும் அண்ணாச்சி?”

ஆவுடையப்பன் எழுந்துவிட்டார். அவமானமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. நேரே கடைவீதிக்குப் போய்ப் புது டயர், ட்யூப், பிரேக் கட்டை வாங்கினார். பழைய டயரைக் கழற்ற மனசே வரவில்லை. ஆனாலும் கழற்றினார்.

மறுநாள் விடிந்ததும் பாளையங்கோட்டைக்கு மிதித்தார். இருபது கிலோமீட்டர், எதிர்க்காற்று வேறு. தொடை கெஞ்சியது. மனுஷன் இறங்கினால்தானே!

சாயங்காலம் அதே வண்டியில் மடத்துக்கு வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

“சேத்துக்கிடல தாயே. புது டயர் போட்டது தப்பாம். ரெண்டு வரிசையிலயும் இடமில்லன்னுட்டாங்க.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எட்டு வருஷம்!”

அம்மையார் எழுந்து செருப்பை மாட்டினார். ஒரு பையை எடுத்துக்கொண்டு வந்து, சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்தார்.

“சந்தை மூடுறதுக்குள்ள போயிரணும். மிதிங்க அண்ணாச்சி.”