மாசாணத்தின் ஒன்பது பிள்ளைகள்

வேங்கைநாட்டு அமைச்சர் அனந்தப்பருக்கு எட்டுப் பிள்ளைகள். அதற்கு அவர் வைத்த பெயர் மக்கட்செல்வம். அடுத்த குடிசையில் கூடை முடையும் மாசாணத்துக்கு ஒன்பது. அதற்கும் அவரே ஒரு பெயர் வைத்தார்: வதவதவென்று பெற்றுப்போட்ட கூட்டம்!

"குஞ்சும் குளுவானுமாக ஒரே இரைச்சல், அரசே! அந்தக் குடும்பத்தை ஊரைவிட்டே அனுப்புங்கள்" என்று சபையில் புலம்பினார்.

அரசவையில் விகடம் பேசும் வெள்ளையங்கிரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எட்டு செல்வம், ஒன்பது தொல்லையா?"

அரசருக்குக் கேள்வி பிடித்துப்போனது. அவருக்கே ஏழு, ராணி வேறு முழுகாமல் இருந்தார். "வெள்ளையங்கிரி, எத்தனையாவது பிள்ளையில் செல்வம் தொல்லையாகிறது? நாளைக்குள் சொல். சொல்லாவிட்டால் மாசாணம் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான்."

சேதி கேட்டு மாசாணம் அழுதேவிட்டார். "இத்தனையையும் இழுத்துக்கிட்டு நான் எங்கே சாமி போவேன்?"

"எங்கேயும் போக வேண்டாம். பிள்ளைகளைக் குளிப்பாட்டு" என்றார் வெள்ளையங்கிரி.

மறுநாள் காலை அமைச்சர் வீட்டு வாசலில் திரை போட்ட வண்டி ஒன்று நின்றது.

"அயல்தேசத்து ராஜவம்சம். அரசரைப் பார்க்கப் போகிறார்கள்" என்றான் வண்டிக்காரன்.

பட்டும் சரிகையுமாக ஒன்பது பேர் இறங்கினார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைகள்தான். ஆனால் அமைச்சர் என்றைக்கு அவர்கள் முகத்தைப் பார்த்தார்? அவர் மனைவி ஆரத்தித் தட்டோடு ஓடிவந்தார்.

"ஒன்பது மாணிக்கங்கள்! கண் பட்டுவிடும், இன்னொரு சுற்று சுற்று!" என்று பதறிய அமைச்சர், தம் கையாலேயே ஒவ்வொரு நெற்றியிலும் பொட்டு வைத்தார். பிள்ளைகள் கூடமே இடியும்படி கத்தினார்கள். "ஆகா, காதில் தேன்!" என்று உருகினார். பிறகு அவரே முன்னால் நடந்து அவர்களைச் சபைக்கு அழைத்து வந்து, "அயல்தேசத்து ராஜவம்சம், அரசே!" என்று அறிவித்தார்.

சபையின் ஓரத்தில் நின்றிருந்த மாசாணத்தைக் கண்டதும், "அப்பா!" என்று ஒன்பதும் பாய்ந்தோடி அவரைக் கட்டிக்கொண்டன. நெற்றியில் ஆரத்திப் பொட்டு இன்னும் காயவில்லை. அமைச்சர் முகத்தில் ஈயாடவில்லை.

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மாசாணம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்! வெள்ளையங்கிரி, இந்தா என் முத்துமாலை. அது சரி, என் கேள்விக்கு விடை எங்கே? எத்தனையாவது பிள்ளையில் செல்வம் தொல்லையாகிறது?"

"எண்ணிக்கையில் ஒன்றுமில்லை, அரசே. இந்தப் பட்டெல்லாம் கூத்துக்காரர்களிடம் இரவல் வாங்கியது. சாயங்காலம் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அதுவரைக்கும் அமைச்சருக்கு இவர்கள் செல்வம்தான்."