கூண்டில் செத்த எலி யார் பாவம்?

தீர்ப்புச் சொல்லும் துணிவு உள்ளவர்கள் மட்டும் இந்தக் கதையைக் கேட்டால் போதும். மற்றவர்கள் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அதனால் யாருக்கும் பயனில்லை.

தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர். அங்கே கறிக்கடை வைத்திருந்தவன் கொம்பையா. அவன் மனைவி முத்துப்பேச்சிக்கு இரண்டு முறை கருத் தங்காமல் போயிற்று. மூன்றாவது தங்கியதும், பிள்ளை பிறக்கும்வரை எந்த உயிரையும் கொல்லக்கூடாது என்று அவள் கணவனிடம் ஒரு வாக்குக் கேட்டாள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் கணவன் உயிர்க்கொலை செய்யக்கூடாது என்பது வழக்கம். கறிக்கடைக்காரனுக்கு இது லேசான காரியமா? ஆனாலும் கொம்பையா மறுக்கவில்லை. கத்தியைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டுத் தராசோடு உட்கார்ந்துகொண்டான்.

ஏழாம் மாதத்தில் வீட்டுக்குள் ஒரு பெருச்சாளி நுழைந்தது. அரிசி மூட்டையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தூங்கிக்கொண்டிருந்த பேச்சியின் கால்விரலைக் கடித்துவிட்டது. ஊசி போட்ட டாக்டரம்மா, "படி ஏறாதீங்க, முதல்ல எலியை ஒழிங்க" என்றார். எலி மருந்து வைக்க வாக்கு தடுத்தது. பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிய பூனை, பாலைக் குடித்துவிட்டு அரிசி மூட்டை மேலேயே படுத்துத் தூங்கியது.

கடைசியில் கூண்டு வைத்தார்கள். மசால்வடை வாசனைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எலி விழுந்தது. கொம்பையா தாயிடமும் மனைவியிடமும் யோசனை கேட்டான்.

"தண்ணித் தொட்டில முக்கிருல. சட்டுன்னு முடிஞ்சிரும்" என்றாள் தாய் சிவனணைஞ்சாள்.

"வேண்டாங்க. ஓடைக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வாங்க" என்றாள் பேச்சி.

"விட்ட எலிக்கு வீடு தெரியாதாக்கும்? நாளைக்கே வந்து நிக்கும். அடுத்தாப்ல எந்த விரலைக் கடிக்குமோ!"

முக்கினால் வாக்குப் போச்சு. விட்டால் மனைவிக்கு ஆபத்து. கொம்பையா இருதலைக் கொள்ளி எறும்பாக நின்றான். கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வேறு. "சாயங்காலம் வந்து பாக்கேன்" என்று கூண்டை மொட்டைமாடியில் வைத்துவிட்டுப் போனான். அது அக்கினி நட்சத்திர வெயில்.

கீழே படுத்திருந்த பேச்சிக்கு எலி கம்பியைப் பிறாண்டும் சத்தம் காலையெல்லாம் கேட்டது. தன்னைக் கடித்த எலிதான். ஆனாலும் அவளால் அந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை. ஏறிப் போகவும் வழியில்லை. வற்றல் காயப்போட்டுவிட்டு இறங்கி வந்த மாமியாரிடம் கேட்டாள்.

"கொஞ்சம் தண்ணி வச்சீங்களா அத்தை?"

"நான் அதைத் தொடமாட்டேன் தாயி. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? எனக்கும் பேரப்பிள்ளை வேணும்லா."

உச்சிக்குப் பிறகு சத்தம் நின்றுபோனது. கொம்பையா வந்து பார்த்தபோது எலி விறைத்துக் கிடந்தது.

"நான் கொல்லலை. கூண்டுதான் வச்சேன்" என்றான் அவன். "நான் வாயால சொன்னதோட சரி, கை வைக்கலை" என்றாள் தாய். பேச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான் வாக்குக் கேக்காம இருந்திருந்தா அது ஒரு நொடியில போய்ச் சேந்திருக்கும். எல்லாம் என்னாலதான்."

கேட்டவர்களே, இந்த மூவரில் எலியைக் கொன்றவர் யார்? வாக்கு நின்றதா, போயிற்றா? சொல்லிவிட்டு மேலே கேளுங்கள்.

விடை: கொன்றவன் கொம்பையாதான், வாக்கும் போயிற்று. மனைவி சொல்லைக் கேட்டிருந்தால் எலி பிழைத்திருக்கும். தாய் சொல்லைக் கேட்டிருந்தால் இவ்வளவு துன்பமில்லாமல் செத்திருக்கும். இருவரிடமும் யோசனை கேட்டவன் இரண்டையும் செய்யாமல், அந்த வேலையை வெயிலிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். தண்ணீர் வைக்காத தாய்க்கும் இதில் கொஞ்சம் பங்கு உண்டு. பேச்சிக்கு எள்ளளவும் இல்லை. குழந்தை சுகமாகத்தான் பிறந்தது. ஆனால் அது பிறக்கும்வரை, வயிற்றில் அசைவு சற்று நின்றாலும் பாவம் பலித்துவிட்டது என்று நடுங்கியே கிடந்தாள் அவள். எலியையாவது மன்னித்து விடலாம். பெண்டாட்டியை அப்படி நடுங்க வைத்தவனை என்னால் மன்னிக்க முடியவில்லை.