மூன்று கட்டு தாண்டி

சாத்தப்ப செட்டியாரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது காரைக்குடியில் ஒரு கடையில். விலைச்சீட்டு தொங்கிய கமோடு ஒன்றின் மேல், வேட்டி சட்டையோடு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் அவரையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாடிக்கு ஒண்ணு வேணும். பேரப்பிள்ளைங்க அங்கேதான் படுக்குறாங்க. உட்கார்ந்து பார்க்காம எப்படி வாங்குறது?" என்றார் என்னிடம்.

அதற்கு ஐந்து வருடம் முன்பு, இதே செட்டியார் காலண்டர் மாட்ட வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடிக்க விடமாட்டார்.

அப்போது என் மனைவி இறந்து, நான் கண்மாய்க்கரை மடத்தில் சமையலுக்கு இருந்தேன். மடத்துச் சாமி, செட்டியாரைவிடப் பதினைந்து வயது இளையவர். முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவர். ஒரு நாள் செட்டியார் வந்து அவர் முன்னால் உட்கார்ந்தார்.

"என் வீட்டுக்காரி உண்ணாமலை, மக வீட்டுக்குப் போயிட்டா சாமி. நாலு மாசமாச்சு."

"என்ன கோபம்?"

"கோபமில்லை. கக்கூஸ்."

வீடு இந்தத் தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளம். முற்றமும் அறைகளுமாக அடுத்தடுத்து மூன்று கட்டு. கக்கூஸ் மூன்றாம் கட்டுக்கும் அப்பால், தோட்டத்தில். உண்ணாமலை ஆச்சிக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. உள்ளே ஒன்று கட்டச் சொன்னார். யோசிக்கிறேன் என்று செட்டியார் இரண்டு வருடம் யோசித்தார்.

"போகும்போது ஏதாவது சொன்னாங்களா?"

"அந்தத் தூணோடயே குடும்பம் நடத்துங்கன்னா."

சாமி சிரிக்கவில்லை. நான் அடுப்படிக்குப் போய்ச் சிரித்தேன்.

"நூத்திப் பத்து வருஷத்து வீடு சாமி. எங்க அப்பச்சியைப் பெத்தவர் கட்டினது. அதுல எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது? ஒண்ணைத் தொட்டு, வீட்டு லட்சணமே போயிட்டா?"

"நாளைக்குச் சாப்பிட வர்றேன்" என்றார் சாமி.

மறுநாள் நல்ல மழையில், சாமியோடு நானும் செட்டியார் வீட்டுக்குப் போனேன். இலையில் ஒன்றும் குறைவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு சாமி மோர் கேட்டார். செட்டியாரையும் குடிக்கச் சொன்னார். ஒரு டம்ளர், இரண்டு, நான்கு. சாமி சொன்னால் செட்டியார் மறுக்கமாட்டார்.

"இப்ப வீட்டைக் காட்டுங்க. ஒண்ணு விடாம."

அது செட்டியாருக்குப் பிடித்த வேலை. முதல் கட்டிலேயே அரை மணி நேரம் பேசினார். தூண் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. சுவர்ப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்தது. தரைக்கல் தேயக்கூடாதென்று வீட்டில் யாரையும் நடுவில் நடக்க விடுவதில்லை.

இரண்டாம் கட்டில் பேச்சு சுருங்கியது. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

"இந்த உத்தரம்?"

"அதுவும் தேக்கு."

"எந்த வருஷம்?"

"சாமி, ஒரு நிமிஷம். பின்னால போயிட்டு வந்துடறேன்."

"சேர்ந்தே போவோம். மூணாம் கட்டையும் பார்த்த மாதிரி இருக்கும்."

செட்டியார் குறுக்கே விறுவிறுவென்று நடந்தார்.

"ஓரமா, ஓரமா. கல்லு தேஞ்சிடும்" என்றார் சாமி.

செட்டியார் சுவரை ஒட்டிச் சுற்றி நடந்தார். மூன்றாம் கட்டின் கதவு பூட்டியிருந்தது. எல்லாக் கதவையும் பூட்டியே வைப்பது அவர் வழக்கம். கொத்தில் இருபத்தெட்டுச் சாவி. ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தார்.

"இது எந்த ஊர்ப் பூட்டு?"

"சாமி, தயவுசெஞ்சு."

"பூட்டு எங்கேயும் போயிடாது. நிதானமாத் திறங்க."

பதினோராவது சாவிக்குக் கதவு திறந்தது. செட்டியார் வேட்டியை அள்ளிப் பிடித்துக்கொண்டு மழையில் ஓடினார். அறுபத்து நான்கு வயதில் ஒருவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. குடையை எடுத்துக்கொண்டு பின்னால் போன என்னால் அவரை எட்ட முடியவில்லை.

முழுக்க நனைந்து திரும்பி வந்தார். சாமி அதற்குள் முதல் கட்டுக்குப் போய், ஓர் அறை வாசலில் நின்றிருந்தார்.

"இது என்ன அறை?"

"பாகம் பிரிச்சப்ப என் பங்குக்கு வந்தது சாமி. உண்ணாமலையோட சீர்ச் சாமான் இருக்கு."

திறந்து காட்டினார். தரையிலிருந்து உத்தரம் வரை பித்தளையும் எவர்சில்வரும். குடம், அண்டா, தூக்குவாளி. ஒவ்வொன்றிலும் ஆச்சியின் பெயர் வெட்டியிருந்தது.

"எடுத்துப் புழங்குறதுண்டா?"

"இல்லை சாமி. கல்யாணத்துக்கு வந்தபடியே வச்சிருக்கேன். நாற்பது வருஷத்துல ஒண்ணுகூடக் குறையலை."

சாமி ஒரு குடத்திலிருந்த பெயரை விரலால் தடவி, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இதெல்லாம் வந்த அன்னிக்கு, கூட ஒருத்தங்க வந்தாங்களே?"

செட்டியார் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அப்ப ஒண்ணு குறையுது" என்றார் சாமி.

அந்த மாதமே கொத்தனார் வந்தார். சாமான்கள் மாடிக்குப் போயின. அந்த அறையின் கதவை மட்டும் மாற்றவில்லை. அதன் மரவேலைப்பாட்டைப் பார்த்து, வெளியூர்க்காரர்கள் குடும்பத்தோடு அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே என்ன என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

செட்டியார் இறந்து ஏழு வருடம் ஆகிறது. ஆச்சி அந்த வீட்டில்தான் இருக்கிறார்.