மூன்று வருஷமாக மூடிய பெட்டி

"அம்மா, மூணு வருஷம் போச்சும்மா."

சொல்லிவிட்டு செண்பகராமன் குடில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அறுபத்து மூன்று வயது மனிதர். திண்டுக்கல்லில் பஸ் ஏறி, மலையடிவாரத்தில் இறங்கி, ஓட்டமும் நடையுமாக வந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

உமையாள் அம்மை அவரைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் குரு அம்மைதான். அன்று சாயங்காலம் விளக்கு ஏற்றியதும் அவர் மௌனம் தொடங்குவதாக இருந்தது. ஒரு நாள், இரண்டு நாள் மௌனம் இல்லை. உயிர் இருக்கும்வரை.

போனதைத் திரும்பச் சொல்ல இனி ஆள் இல்லை. செண்பகராமன் அப்படி ஓடி வந்ததற்கு அதுதான் காரணம்.

பத்திர ஆபீசில் முப்பது வருஷம் டைப் அடித்த கை அது. பதினோரு வருஷமாக அம்மை வாயைத் திறந்தால் இவர் விரல் ஓடும். அம்மை இவரைப் பார்த்துப் பேசுவார், இவர் கீபோர்டைப் பார்த்துக் கேட்பார். அடித்ததையெல்லாம், தானாகவே இணையத்துக்கு ஏற்றிவிடும் கிளவுட் ஃபோல்டரில் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

அந்தக் கம்ப்யூட்டரோ அரதப் பழசு. புதுசு ஒன்று வாங்கலாமே என்று யாராவது கேட்டால் சிரிப்பார். டப்பா போனால் போகட்டும், எல்லாம் கிளவுடில் பத்திரமாக இருக்கிறது என்பார்.

அன்று காலை டப்பா போயேவிட்டது.

தூக்கிக்கொண்டு திண்டுக்கல் ரிப்பேர் கடைக்கு ஓடினார். உள்ளே இருந்த டிஸ்க் செத்துவிட்டது, ஒன்றும் மீளாது என்று கடைக்காரர் கையை விரித்தார். செண்பகராமன் அசரவில்லை. கிளவுடைத் திறந்து பாருங்கள் என்றார், பெருமையாக.

திறந்தார்கள். கடைசி ஃபைலுக்கு வயது மூன்று வருஷம்.

அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

கடைக்காரர்தான் விளக்கினார். கம்ப்யூட்டரில் இருக்கும் சிஸ்டம் ரொம்பப் பழசானால், கிளவுட் அதை ஏற்றுக்கொள்ளாதாம். ஆனால் சொல்லாமல் நிறுத்தாதாம். தினமும் திரையில் ஒரு பெட்டி வந்து சொல்லியிருக்குமே, நீங்கள் படிக்கவில்லையா என்று கேட்டார்.

அதையெல்லாம் அம்மையிடம் ஒன்றுவிடாமல் சொன்னார் செண்பகராமன்.

"பெட்டி வந்ததா?" என்று கேட்டார் அம்மை.

"வந்ததும்மா. தினமும் வந்தது."

"என்ன செய்தீர்கள்?"

செண்பகராமன் ஆள்காட்டி விரலை உயர்த்தினார். பெட்டியின் மேல் மூலையில் ஒரு பெருக்கல் குறி இருக்கும், அதை அமுக்கினால் மூடிக்கொள்ளும் என்று காற்றில் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார். நீங்கள் பேச ஆரம்பித்துவிடுவீர்களே, அந்த அவசரத்தில் மூடிவிடுவேன் என்றார்.

"அதில் என்ன எழுதியிருந்தது?"

"தெரியாதும்மா."

அம்மை வெளியே பார்த்தார். வெயில் மலைக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. இங்கே வந்து உட்காருங்கள். மூன்று வருஷமாகச் சொன்னது ஒன்றுதான். இப்போது சொல்கிறேன்."

செண்பகராமனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எழுந்தார். சட்டைப்பையைத் தடவினார். பேனா இல்லை.

"ஒரு நிமிஷம்மா. நோட்டு எடுத்துட்டு ஓடி வந்துடறேன்."

அம்மை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இவர் பின்கட்டுக்கு ஓடிவிட்டார்.

நோட்டு கிடைத்தது. பேனா எழுதவில்லை. இன்னொன்றைத் தேடி அலமாரியையே கவிழ்த்தார்.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அம்மை அதன் முன்னால் அமர்ந்திருந்தார். உதடு மூடியிருந்தது.

செண்பகராமனின் கையிலிருந்து நோட்டு நழுவியது. காலில் விழுந்து கெஞ்சினார். ஒரே ஒரு வார்த்தை போதும், அது என்னவென்று மட்டும் சொல்லிவிடுங்கள் என்று அழுதார்.

அம்மை அவரை வெகுநேரம் பார்த்தார். கோபமே இல்லை அந்தப் பார்வையில்.

பிறகு ஆள்காட்டி விரலை உயர்த்தி, தன் முகத்தின் மேல் மூலையில், காற்றில், ஒரே ஒரு தட்டுத் தட்டினார்.