மாசிலாமணி வந்து நிற்க ஓர் இடம்

“என்னை முதல்ல கெடுத்தவன் மாசிலாமணிப் பண்ணைதான்,” என்றார் வீரையன்.

அம்மாக்கண்ணு மண்வெட்டிக்குக் காம்பு செருகியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஆத்தா செத்துட்டான்னு ஆள் வந்துச்சு. நடவு முடிச்சிட்டுப் போடான்னான். முடிச்சிட்டு ஓடுறேன், மண்ணு மூடிக் கெடக்கு. முகத்தைப் பாக்கல.”

“தெரியும்ணே. நேத்தும் சொன்னியே.”

“நாளைக்கும் சொல்லுவேன்.”

பண்ணையடிமைகளாக இருந்த ஏழு பெண்கள் விடுபட்டு வந்து, கருவேலங்காட்டை வாங்கி, வெட்டித் திருத்தி எழுப்பிய ஊர் அது. பட்டாவெல்லாம் அவர்கள் பேரில். சுற்றுவட்டாரம் ‘பொம்பளையூர்’ என்று கேலி பேசியது. எழுவரில் மூத்தவரான அம்மாக்கண்ணு அந்தப் பேரையே பலகையில் எழுதி எல்லையில் நட்டுவிட்டார்.

பின்னால் விடுபட்டு வந்தவர்களுக்கும் ஆளுக்கொரு துண்டு நிலம் கொடுத்தார்கள். ஆடி முடிவதற்குள் அதில் ஏர் ஓட வேண்டும். ஓடாவிட்டால், காத்திருக்கும் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும்.

ஆடி முடியப் போகிறது. வீரையனின் நிலத்தில் இன்னும் கோரைதான் ஆடுகிறது.

“அவன் என் வரப்புல வந்து நின்னு, தப்புதான்னு ஒரு வார்த்தை சொல்லணும். அதுவரைக்கும் மண்ணைத் தொட மாட்டேன்.”

“நெலம் போயிடுமேண்ணே.”

“போகட்டும்!”

சொல்லிவிட்டாரே தவிர, இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தார். உட்கார்ந்தார். துண்டை உதறினார்.

“நீயும் அவன்கிட்டதானே கெடந்த? பச்சப்புள்ளைக்குப் பால் குடுக்கக் கரையேறுனதுக்குக் கட்டிவச்சு அடிச்சான். பட்டா வந்ததும் மறந்துபோச்சாக்கும்? எப்படி மறந்த? எனக்கும் சொல்லிக்குடு.”

அம்மாக்கண்ணு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தன் வயலுக்கு நடந்தார். வீரையன் முணுமுணுத்தபடி பின்னால் போனார்.

வயல் முழுக்கக் குறுவை நெல். வடக்கு மூலையில் மட்டும் ஒரு முறம் அகலத்துக்கு வெறும் மண்.

“இங்க ஏன் நடல?”

“அது மாசிலாமணிக்கு.”

“என்னது?”

“தப்புன்னு சொல்ல வர்றப்ப நிக்க எடம் வேணாமா? வருசாவருசம் விட்டு வைக்கிறேன்.”

“வந்தானா?”

“வரல.”

வீரையன் அந்த வெறும் மண்ணையே பார்த்தார்.

“நிக்கிறதுக்கு இவ்வளவு போதும்ணே,” என்றார் அம்மாக்கண்ணு. “நீ ஏன் அவனுக்கு முழு நெலத்தையும் விட்டு வச்சிருக்க?”

வீரையனுக்குக் கோபம்தான் வந்தது. விருட்டென்று திரும்பிப் போனார்.

மறுநாள் அவர் நிலத்தில் ஏர் ஓடியது. மாட்டைத் திட்டினார். கலப்பையைத் திட்டினார். மாசிலாமணியையும் விடவில்லை.

சாயங்காலம் வரப்பில் வந்து நின்ற அம்மாக்கண்ணு, மூலையைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“என்னண்ணே, இவ்வளவு நீட்டமா விட்டிருக்க?”

“உன்கிட்ட அவன் நின்னுக்கிட்டே சொல்லட்டும். எங்கிட்ட நின்னாப் பத்தாது. நெடுஞ்சாண்கிடையா விழணும். ஆள் நீளத்துக்கு விட்டிருக்கேன்.”

எத்தனையோ அறுப்பு அறுத்தாயிற்று. அந்த மூலை இன்னும் வெறுமனேதான் கிடக்கிறது.