மலைக்காற்றுக்குத் திறந்த சன்னல்

அந்தக் காலத்தில் திராட்சைக்கு வாய் இருந்தது. சும்மா வாய் இல்லை, ஊரைக் கூட்டும் வாய். காற்றும் பேசும், கல்லும் பேசும் என்றாலும் பேச்சில் திராட்சையை மிஞ்ச ஆள் கிடையாது. இத்தாலி நாட்டில் வெரோனா நகரத்துக்கு வடக்கே உள்ள மலைச்சரிவில், பறிப்புக் காலம் வந்துவிட்டால் காதைப் பொத்திக்கொண்டுதான் நடக்கவேண்டும்.

அந்தச் சரிவில் ஒர்சோலா என்று ஒருத்தி இருந்தாள். தனிக்கட்டை. முன்கோபக்காரி, பிடித்தால் விடமாட்டாள். வசந்தத்தில் வீட்டு மச்சில் நாணல் தட்டிகளைப் பரப்பிப் பட்டுப்புழு வளர்ப்பாள். இலை உதிரும் காலத்தில் கருந்திராட்சை பறித்து ஒயின் செய்வாள். மலை ஒரு பிரபுவுக்குச் சொந்தம். பிரபுவுக்குக் கண்ணும் காதும் கங்காணி பஸ்தியானோ.

ஒர்சோலாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு பகையாளிதான், மலைக்காற்று. அந்த வருடம் வசந்தத்தில் மச்சுச் சன்னல் ஒன்றைச் சரியாகச் சாத்த மறந்துவிட்டாள். காற்று உள்ளே வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயிற்று. பட்டுப்புழுவுக்குக் குளிர் ஆகுமா? அத்தனையும் விறைத்துச் செத்தன. தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "இனி என் வீட்டுப் பக்கம் வந்தாயோ, நடக்கிறதே வேறு!" என்று மலையைப் பார்த்துக் கத்தினாள். பாவம், காற்று என்ன செய்யும்! திறந்த இடத்தில் நுழைவதுதானே அதன் பிழைப்பு.

அதோடு போயிற்றா? கோடை முழுக்க விடாத மழை. குலைகள் மழைநீரைக் குடித்துக் குடித்து ஊதிப்போயின. கங்காணி வந்தான், ஒரு பழத்தைக் கடித்தான், தூவென்று துப்பினான்.

"போன வருடமும் உன் ஒயின் தண்ணீர். இந்த வருடம் அதைவிட மோசம். ஈஸ்டருக்குப் பிரபு வருகிறார். அப்போதும் இதே லட்சணம்தான் என்றால் கொடிகளையெல்லாம் வேரோடு வெட்டிவிட்டுக் கோதுமை விதைக்கச் சொல்லிவிட்டார். நீயும் மூட்டையைக் கட்டிக்கொள்."

"கோதுமை ஆசை அவருக்குத் தானாக வந்ததா, நீங்கள் ஊட்டிவிட்டீர்களா அண்ணே?"

பஸ்தியானோ சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான். கொடிகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. அந்த வாயாடிக் குலைகள் அன்று பொழுது சாயும்வரை மூச்சு விடவில்லை.

மறுநாள் ஒர்சோலா கத்தியோடு வந்தாள். கிழக்கு ஓரத்துக் குலை ஒன்று மெதுவாகப் பேச்சைத் தொடங்கியது.

"ஒர்சோலா அக்கா, சாறு எடுக்க எங்களை உடனே மிதித்துவிடாதே. உள்ளே இருப்பதெல்லாம் மழை. இனிப்பு எங்கேயோ ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. படுக்க இடம் கொடு. தண்ணீர் போகட்டும்."

"நல்லா இருக்கிறதே! பறித்த கையோடு மிதிப்பதுதான் ஊர் வழக்கம். உங்களைப் படுக்கவைக்க நான் இடத்துக்கு எங்கே போக?"

"மச்சில் புழுத் தட்டிகள் காலியாகத்தானே கிடக்கின்றன?"

அவளுக்குச் சுருக்கென்றது. செத்த புழுக்களின் படுக்கை அது. ஆனாலும் வேறு வழி? கூடை கூடையாகச் சுமந்து மேலே ஏற்றினாள். ஒன்றோடு ஒன்று இடிக்காமல் குலைகளைத் தட்டிகளில் படுக்கவைத்தாள்.

இங்கேதான் ஒரு தப்புச் செய்தாள். புழு வளர்த்த கை அல்லவா? புழுவுக்குச் செய்வதையெல்லாம் திராட்சைக்கும் செய்தாள்! சன்னல்களை இறுக்கிச் சாத்தினாள். இடுக்கில் கம்பளி நூலைத் திணித்தாள். மூலையில் கணப்புச் சட்டி வேறு.

"அக்கா, புழுங்குகிறது" என்றன குலைகள்.

"பேசாமல் படுங்கள். குளிர் பட்டால்தான் அருமை தெரியும்."

கொஞ்ச நாள் போயிற்று. ஒருநாள் காலையில் மேலே ஏறிப் பார்த்தாள். மூலைத் தட்டியில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம்! அழுகிய பழங்களைப் பொறுக்கிப் பொறுக்கி எறிந்தாள். பொறுக்கப் பொறுக்கப் பரவியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது வடக்குச் சன்னலில் யாரோ தட்டினார்கள்.

"ஒர்சோலா, நான்தான். திற."

குரல் கேட்டதுமே தெரிந்துவிட்டது. "கொலைகாரா! எந்த முகத்தோடு வந்து நிற்கிறாய்?"

"புழுவுக்கு நான் எமன். ஒத்துக்கொள்கிறேன்" என்றது மலைக்காற்று. "திராட்சைக்கு நான் எமன் இல்லை. உள்ளே அவை வியர்த்து அழுகுகின்றன. நான் வந்தால் ஈரத்தை எடுத்துக்கொண்டு போவேன்."

"உன்னை உள்ளே விட்டு ஒருமுறை கெட்டது போதாதா?"

"அன்றைக்கு நீ மறந்துபோய்த் திறந்துவிட்டாய். நான் தெரியாமல் வந்துவிட்டேன். இன்றைக்குத் தெரிந்தே திற. நானும் தெரிந்தே வருகிறேன்."

ஒர்சோலா தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றாள். திறந்து கெட்டால் கொடிகளுக்குக் கோடாலி. திறக்காமல் கெட்டாலும் அதே கோடாலி. திரும்பிக் குலைகளைப் பார்த்தாள். "நீங்கள் என்னடி சொல்கிறீர்கள்?"

"திற அக்கா!" மச்சே அதிர்ந்தது.

கம்பளியைப் பிடுங்கி எறிந்தாள். வடக்குச் சன்னலைத் திறந்தாள், தெற்குச் சன்னலைத் திறந்தாள், கணப்புச் சட்டியைத் தூக்கி முற்றத்தில் கவிழ்த்தாள். காற்று வந்தது. முதன்முதலாக மாமியார் வீட்டுக்குள் நுழையும் மருமகன் மாதிரி அடக்கமாக, தட்டிகளுக்கு இடையே நடந்து போயிற்று. அதன்பின் தினமும் வந்தது. பூஞ்சணம் நின்றது.

குளிர்காலம் ஏற ஏற, குலைகள் சுருங்கின. தோல் சுருக்கம் விழுந்து, தொட்டால் கையில் ஒட்டியது. கங்காணி ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு ஊரையே கூட்டினான். "ஓடிவாருங்கள்! ஒர்சோலா மச்சில் பிணங்களைக் காயப்போட்டிருக்கிறாள்!" ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. திராட்சைகள் வாயே திறக்கவில்லை.

ஒர்சோலாவுக்கு ஆத்திரம். "ஊரைக் கூட்டும் வாய், இன்றைக்கு எங்கே போயிற்று? நாலு வார்த்தை திருப்பிக் கொடுக்கக்கூடாதா?"

"பேசினால் இனிப்பு வெளியே போய்விடும் அக்கா" என்றது கிழக்கு ஓரத்துக் குலை. "அவன் சிரிப்பையும் உள்ளேயே வைத்துக்கொள்கிறோம்."

கிறிஸ்துமஸ் கழிந்து மிதித்தாள். தொட்டி நிறையப் போட்டதற்கு ஒரே ஒரு சின்னப் பீப்பாய்தான் நிறைந்தது. ஆனால் அந்த நிறம் இருக்கிறதே, அம்மாடி! கருஞ்சிவப்பு. வசந்தம்வரை பீப்பாய் உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

ஈஸ்டர் வந்தது. பிரபு குதிரையில் வந்தார். பின்னாலேயே கோடாலிக்காரர்களோடு பஸ்தியானோ. ஊரும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. ஒர்சோலா கோப்பையை நீட்டினாள்.

பிரபு குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். குதிரையிலிருந்து இறங்கினார்.

"இது எந்த நாட்டு ஒயின்?"

"இந்தச் சரிவுதான் பிரபு. மழை குடித்த அதே திராட்சைதான்."

"இனிக்கிறது. அப்புறம் கடைசியில் லேசாக ஒரு கசப்பு வருகிறது. அந்தக் கசப்புதான் கோப்பையைக் கீழே வைக்கவிடவில்லை. என்ன அது?"

ஒர்சோலா பஸ்தியானோவைப் பார்த்தாள். "அதுவா? அது கங்காணி அண்ணன் சிரித்த சிரிப்பு."

ஊர் மறுபடியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, இந்த முறை ஒர்சோலாவோடு சேர்ந்து! பிரபுவும் சிரித்தார். வந்த கோடாலிகளைத் திருப்பி அனுப்பவில்லை. அவற்றைக் கொண்டே அந்தச் சரிவில் இருந்த மச்சு ஒவ்வொன்றிலும் சுவரை வெட்டிச் சன்னல் வைக்கச் சொன்னார். நாணல் தட்டிகளைச் சுமந்து மேலே ஏற்றும் வேலை கங்காணிக்கு! ஒர்சோலா மலையைப் பார்த்து நின்று, "வாடா, வந்து ஒரு வாய் குடி!" என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். காற்று ஓடி வந்து அவள் முக்காட்டைப் பறித்துக்கொண்டு போயிற்று.

அன்றைக்குப் பிடித்த வழக்கம்தான். அந்த மலையில் இன்றும் கருந்திராட்சையைப் பறித்ததும் மிதிப்பதில்லை. மச்சில் படுக்கவைத்துச் சன்னலைத் திறந்துவிட்டுக் காற்றை அழைக்கிறார்கள். திராட்சையும் அன்று மூடிய வாயைத் திறக்கவே இல்லை. சொல்லவேண்டியதையெல்லாம் உள்ளேயே வைத்திருந்து, கோப்பைக்கு வந்த பிறகுதான் சொல்கிறது.