நூலில் கட்டிய கோழி

நாமக்கல்லில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் மூன்று சகோதரர்கள் இருந்தார்கள். நல்லவர்கள். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வார்கள். அவர்களைப் பற்றி ஊரில் இருந்த புகார் அது ஒன்றுதான்.

ஒருமுறை ஒரு லாரிக்காரர், "சரக்கு மேல போட்டு அப்படியே தெச்சிருங்க. உள்ள இருக்கறது ஒண்ணுகூட வெளிய வரக் கூடாது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். மூட்டைகளின் மேல் கிளீனர் தூங்கிக்கொண்டிருந்தார். சகோதரர்கள் அவரைப் பார்த்தார்கள். கொஞ்சம் யோசித்தார்கள். அவரும் உள்ளே இருப்பவர்தான் என்று முடிவாயிற்று. கிளீனர் கர்நாடகத்துத் துமகூரில் வெளியே வந்தார். தையலைக் குறை சொல்ல முடியாது என்று அவரே பிற்பாடு சொன்னார்.

மூத்தவர் நாச்சிமுத்துவுக்கு முப்பத்தெட்டு வயது. பதினோரு இடத்தில் பெண் பார்த்து பதினொன்றும் தட்டிப்போயிருந்தது. கடைசியாகப் போன வீட்டில் பெண்ணின் அம்மா, "உங்க வீடு மாதிரி நெனச்சுக்குங்க" என்றார். நாச்சிமுத்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பாயை எடுத்து விரித்துப் படுத்தார்.

அடுத்தவர் தெய்வசிகாமணிக்கு முப்பத்தைந்து. கடைசி குப்புராஜுக்கு முப்பத்திரண்டு. அண்ணனுக்கு ஆகாமல் தம்பிகளுக்குப் பேச முடியாது. ஒரே ஜன்னலில் டிக்கெட் எடுக்க நிற்பவர்கள்போல் மூவரும் நின்றிருந்தார்கள். முன்னால் நிற்பவர் நகரவில்லை.

ஒரு வியாழக்கிழமை தரகர் சின்னுசாமி ஒரு காகிதத்தோடும் ஒரு பையோடும் வந்தார்.

"பன்னெண்டாவது இடம். பொண்ணு பேரு கோகிலவாணி. ஓசூர்ல ஜப்பான்காரங்க கம்பெனில வேலை. படிப்பு கேக்கல, நெலம் கேக்கல. அங்க கேன்டீன்ல ஏதோ கோழி போட்ட நூடுல்ஸ் தின்னு பழகிட்டுது. எப்பிடிச் செய்யறதுன்னு அதுவே எழுதிக் குடுத்திருக்குது. நூடுல்ஸும் சோயா சாஸும் பைல இருக்குது. ஞாயித்துக்கிழம ஒரு மணிக்கு நாங்க மூணு பேர் வர்றோம். மாப்ள கையால ஒரு வரி விடாமச் செஞ்சு வெச்சிருக்கணுமாம். நல்லா இருந்தாச் சரிங்குமாம்."

"அப்பிடியே செஞ்சிருவமுங்க" என்றார் நாச்சிமுத்து.

தரகர் வாசல்வரை போய்த் திரும்பினார். "இதுவும் போச்சுன்னா இந்த வீட்டுக்கு நான் இனி பொண்ணு கொண்டாரதா இல்ல. மூணு பேருக்குஞ் சேத்துத்தான் சொல்றேன்."

மூன்று பேரும் காகிதத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அதன் முன் நின்றார்கள். தெய்வசிகாமணி படித்தார்.

"முதல் வரி. நான்கு பேருக்கு."

மூவரும் விரல்விட்டு எண்ணினார்கள்.

"வர்றவங்க மூணு. நாம மூணு. ஆறாச்சே?" என்றார் குப்புராஜ்.

"அப்ப நம்மள்ல ரெண்டு பேர் வெளிய போயிரணும்."

"போயிட்டா யார்றா சமைக்கறது?" என்றார் நாச்சிமுத்து.

"எல்லாத்தையும் ரெண்டு மடங்காப் போட்டா?" என்றார் தெய்வசிகாமணி. அவர்தான் மூவரில் கணக்குத் தெரிந்தவர்.

"போட்டா எட்டுப் பேருக்கு ஆகும்."

"நாம ஆறு பேர்தான இருக்கோம்?"

"அதைத்தான் அந்தப் புள்ள சோதிக்குது" என்றார் நாச்சிமுத்து. "ரெண்டு பேரு கொறையுது. குப்பு, நீ பன்னெண்டு மணிக்கு பஸ் ஸ்டாப்புக்குப் போயி ரெண்டு பேரக் கூட்டிட்டு வந்துரு."

"எப்பிடிப்பட்டவங்களுங்ணா?"

"பசியோட இருக்கறவங்களா."

இரண்டாவது வரி கோழி எலும்பைத் தண்ணீரில் போட்டு, சிறு தீயில், கிளறாமல் கொதிக்கவிடச் சொன்னது. விட்டார்கள். அதற்கடுத்த வரியில் கோகிலவாணி இப்படி எழுதியிருந்தாள்: 'சூப்பும் நூடுல்ஸும் தனித்தனியே வேக வேண்டும். கிண்ணத்துக்கு வரும்வரை ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்கவே கூடாது.'

முதலில் கேஸ் அடுப்பின் இரண்டு பர்னருக்கும் நடுவில் வேட்டியைக் கட்டினார்கள். வேட்டியின் கரை தீப்பிடித்தது. அணைத்தார்கள். பிறகு பக்கத்து வீட்டில் ஓர் ஒற்றை அடுப்பை வாங்கிவந்து, சமையலறையின் குறுக்கே சுவரிலிருந்து சுவருக்குப் பச்சைத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். கட்டு அருமையாக இருந்தது. சூப்புப் பக்கம் நாச்சிமுத்து, நூடுல்ஸ் பக்கம் தெய்வசிகாமணி.

"அண்ணா, ஒரு சந்தேகம்" என்றது தார்ப்பாய்க்கு அந்தப் பக்கத்துக் குரல். "நான் எட்டி சூப்பைப் பாக்கலாங்களா?"

"பாத்துட்டுப் போயி நூடுல்ஸ்கிட்டச் சொல்லிட்டீன்னா?"

"சொல்ல மாட்டனுங்ணா."

"உன் மொகத்துலயே தெரிஞ்சிரும். வேண்டாம்."

முட்டை வேகவைப்பதில் சிக்கல் எதுவும் இல்லை. ஒரு முட்டைக்கு ஆறரை நிமிடம் என்று எழுதியிருந்தது. எட்டு முட்டைக்கு ஐம்பத்திரண்டு நிமிடம் என்று தெய்வசிகாமணி கணக்குப் போட்டார். முட்டை ஊரான நாமக்கல்லிலேயே முட்டையை அதுவரை யாரும் அவ்வளவு நேரம் வேகவைத்ததில்லை.

நூடுல்ஸுக்கு மூன்று நிமிடம். இங்கேதான் அவர் தடுமாறினார். ஓர் இழைக்கு மூன்று நிமிடமா? பையைப் பிரித்து இழைகளை எண்ணத் தொடங்கினார். முந்நூற்று நாற்பது வரை எண்ணியபோது பதினேழு மணி நேரம் ஆகியிருந்தது, கணக்கில்.

"அண்ணா, நேத்தே அடுப்புல போட்டிருக்கணும்" என்றார் அழுகிற குரலில்.

நாச்சிமுத்து நெடுநேரம் யோசித்தார். "முட்டை ஒவ்வொண்ணும் தனித்தனியாப் பொறந்தது. நூடுல்ஸ் எல்லாம் ஒரே மாவுல பொறந்ததுதான?"

"ஆமாங்க."

"அப்ப ஒரே குடும்பம். மொத்தத்துக்கும் மூணு நிமிஷம் போதும்."

இப்படித்தான் நூடுல்ஸ் சரியான பதத்தில் வெந்தது.

பதினொன்றரை மணிக்குக் கோழி வரிக்கு வந்தார்கள். எலும்பில்லாத தொடைக்கறியைத் தோலோடு சுருட்டி, நூலால் மூன்று முடிச்சுப் போட்டு, சூப்பில் வேகவிட வேண்டும். சுருள் பிரிந்துவிடாமல் நூலைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நாச்சிமுத்து தார்ப்பாய் தைக்கும் நூலை எடுத்தார். இருபது வருஷம் பழகிய கை. இரண்டு மடங்கு என்பதால் இரண்டு சுருள். ஒவ்வொன்றுக்கும் மூன்று முடிச்சு. பானைக்குள் இறக்கினார். வலது கையில் ஒரு நூலையும் இடது கையில் ஒரு நூலையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

கால் மணி நேரம் கழித்து, "தெய்வா, மூக்கு அரிக்குது" என்றார்.

தெய்வசிகாமணி போய்க் காகிதத்தைப் படித்துவிட்டு வந்தார். "மூக்கைப் பத்தி ஒண்ணும் போடலீங்ணா."

"சரி" என்றார் நாச்சிமுத்து.

குப்புராஜ் மோகனூர் பஸ்ஸுக்கு நின்ற ஒரு கணவன் மனைவியைக் கூட்டிவந்தார். மனைவியின் பெயர் பாவாயி. கணவர் கையில் ஒரு குடை வைத்திருந்தார். மூன்று பஸ்ஸை அவரால் விட்டுவிட்டதாகப் பாவாயி வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"எங்களை எதுக்குத் தம்பி கூப்புடற?"

"எட்டுல ரெண்டு கொறையுதுங்க."

அந்தப் பதில் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. உள்ளிருந்து நல்ல மணமும் வந்தது.

சரியாக ஒரு மணிக்குக் கோகிலவாணியும் அவள் அப்பா அர்த்தனாரியும் தரகரும் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். அர்த்தனாரிக்கு முன்நெற்றியிலிருந்து பிடரிவரை வழுக்கை. ஏற்கெனவே உட்கார்ந்திருந்த இருவரையும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் என்று நினைத்துக் கும்பிட்டார். அவர்களும் கும்பிட்டார்கள்.

"மாப்ள எங்க?" என்றார் தரகர்.

"கோழியப் புடிச்சிட்டிருக்காருங்க" என்றார் தெய்வசிகாமணி.

"இன்னுமே புடிக்கலியா?" என்றார் அர்த்தனாரி. "அப்ப நாம சாப்புட மூணு மணி ஆகும்."

கோகிலவாணி எழுந்து சமையலறைக்குப் போனாள். எதிரே பச்சைத் தார்ப்பாய்.

"அந்தப் பக்கம் யாரு?"

"நான்தானுங்க, மாப்ள."

"வெளிய வாங்க."

"கையில நூல் இருக்குதுங்க."

அவள் தார்ப்பாயை விலக்கினாள். "நூடுல்ஸை மூடு, நூடுல்ஸை மூடு" என்று கத்திக்கொண்டு தெய்வசிகாமணி ஓடிவந்து பாத்திரத்தின் மேல் தட்டைப் போட்டார்.

ஆவிக்கு நடுவில் ஒரு மனிதர் நின்றிருந்தார். சட்டை முழுவதும் நனைந்திருந்தது. இரண்டு கைகளையும், காளைகளைப் பிடித்து நிற்பவர்போல் முன்னால் நீட்டியிருந்தார்.

"எத்தனை நேரமா இப்பிடி நிக்கறீங்க?"

"பதினொன்றரைலருந்துங்க."

"எதுக்குங்க?"

"நீங்க புடிச்சுக்கச் சொல்லி எழுதியிருந்தீங்க. விடறது எப்பன்னு எழுதலீங்க."

கோகிலவாணி அவரையும் பானையையும் மாறி மாறிப் பார்த்தாள். "விடுங்க" என்றாள்.

விட்டார். உடனே மூக்கைச் சொறிந்தார். அப்படி ஒரு நிம்மதியை அவள் எந்த முகத்திலும் பார்த்ததில்லை.

எட்டுக் கிண்ணம் வைத்தார்கள். நூடுல்ஸ், மேலே சூப், கோழித் துண்டுகள், ஓரத்தில் பாதியாக வெட்டிய முட்டை என்று எழுதியிருந்தது. முட்டையை வெட்ட முடியவில்லை. முழுசாக வைத்தார்கள். ஏழு பேர் உட்கார்ந்தார்கள்.

"எட்டாவது ஆள் எங்க?" என்றார் தரகர்.

"வெங்காயத்தாள் தூவணுமுங்க" என்று தலைக்கு மேலிருந்து குரல் வந்தது. கொஞ்சம் உயரத்திலிருந்து தூவவும் என்று போட்டிருந்ததால் குப்புராஜ் பரணில் இருந்தார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று காலையில் பெரிய விவாதம் நடந்து, வீட்டில் இருப்பதிலேயே கொஞ்சமான உயரம் பரண்தான், அடுத்தது மொட்டைமாடி என்று முடிவாகியிருந்தது.

தூவினார். பாதி கிண்ணங்களில் விழுந்தது. மீதி அர்த்தனாரியின் தலையில் விழுந்தது.

"ஏனுங்க தரகரே" என்றார் அர்த்தனாரி, அசையாமல். "நான் இன்னும் சரின்னே சொல்லல. அதுக்குள்ள அட்சதையா?"

"பழக்கங்க, இவங்க வீட்டுப் பழக்கம்" என்றார் தரகர், வேர்த்துக்கொண்டே.

அர்த்தனாரி மரியாதையான மனிதர். வாயை மூடி, சத்தமில்லாமல் சாப்பிடுவார். காகிதத்தின் கடைசி வரியோ, உறிஞ்சும்போது சத்தம் வர வேண்டும், அதுதான் சமைத்தவருக்கு மரியாதை என்றது. தெய்வசிகாமணி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வாய் போயிற்று. சத்தம் வரவில்லை. இரண்டாவது வாயும் போயிற்று. மூன்றாவது வாய்க்கு, எவர்சில்வர் தட்டை அவர் காதருகே கொண்டுபோய்க் கரண்டியால் ஓங்கி அடித்தார்.

அர்த்தனாரியின் கையிலிருந்த முட்டை தெறித்து விழுந்தது. உடையவில்லை. கூடத்தைக் கடந்து, வாசற்படியில் இரண்டு தரம் குதித்து, தெருவுக்குப் போனது.

"கோகிலா, எந்திரி" என்றார் அர்த்தனாரி.

தரகர் கண்ணை மூடிக்கொண்டார். குப்புராஜ் பரணிலிருந்து இறங்காமல் பாதி ஏணியில் நின்றுவிட்டார். நாச்சிமுத்து தலையைக் குனிந்து, நூல் தடம் பதிந்திருந்த தன் விரல்களைப் பார்த்தார்.

அப்போது சர்ரென்று ஒரு சத்தம் வந்தது. பாவாயி கிண்ணத்தைத் தூக்கி மிச்ச சூப்பைக் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"ஏம் பொண்ணு, இந்த ஆளு ஒன்றரை மணி நேரமா கோழிய நூல்ல புடிச்சிட்டு நின்னாராமா?"

"ஆமாங்க."

"நீ எழுதினேன்னா?"

"ஆமாங்க."

பாவாயி தன் கணவரைப் பார்த்தார். "இருபத்தாறு வருஷமாச்சு, இந்தாளு நான் சொன்ன ஒண்ணையாவது செஞ்சிருப்பாரா கேளு. குடைய வீட்டுல வெச்சுட்டு வாங்கன்னு காத்தால சொன்னேன். எங்க இருக்குது பாரு."

கணவர் குடையைக் காலுக்கடியில் தள்ளினார்.

"அப்பா, சூப்பைக் குடிச்சுப் பாத்தீங்களா?" என்றாள் கோகிலவாணி.

நின்றபடியே குடித்தார் அர்த்தனாரி. பிறகு உட்கார்ந்து குடித்தார். கோழித் துண்டு ஒன்றைத் தின்றார். கடைசி வாய் உறிஞ்சும்போது அவரையறியாமல் ஒரு சத்தம் வந்தது. தெய்வசிகாமணி எழுந்து நின்று கும்பிட்டார்.

"முட்டைய மட்டும் இனி நான் பாத்துக்கறேன்" என்றாள் கோகிலவாணி. "எனக்குச் சம்மதம்."

ஆவணியில் கல்யாணம். எட்டுப் பேரில் இருவர் என்ற முறையில் பாவாயியும் கணவரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்து, "நன்னாப் புடிச்சுக்கோங்கோ. மூணு முடிச்சு போடுங்கோ" என்றார். நாச்சிமுத்து போட்டார். தார்ப்பாய் முடிச்சு, காற்றுக்கும் மழைக்கும் அவிழாது. ஐயர் அடுத்த மந்திரத்துக்குப் போய்விட்டார்.

அன்று எடுத்த எல்லாப் புகைப்படங்களிலும் மணமகன் மணமகளுக்குப் பின்னால், அவள் பிடரியில் தாலிக் கயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்தபடி நிற்கிறார். பந்தியிலும் அப்படியே நின்றார். தெய்வசிகாமணி பக்கத்தில் நின்று அவருக்குச் சோறு ஊட்டினார். பாயசத்துக்குத் தட்டையும் தட்டினார்.

அர்த்தனாரிக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, விடச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"இருக்கட்டும்ப்பா" என்றாள் கோகிலவாணி, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. "வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கறேன்."

அவர் மருமகனிடம் குனிந்தார். "கை வலிக்கலீங்களா மாப்ள?"

"பரவால்லீங்க மாமா" என்றார் நாச்சிமுத்து. "கோழிக்கு ரெண்டு நூலுங்க. இது ஒண்ணுதான்."